பேர் வெட்டிய பக்கம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் மூட்டுவலி. பிறகு சர்க்கரை. இரண்டும் தீர்ந்ததும் சின்ன வயசு. ஒருவர் வைகையில் வெள்ளம் வந்ததைச் சொல்வார், இன்னொருவர் அழகர் எதிர்சேவைக் கூட்டத்தில் தொலைந்துபோனதைச் சொல்வார். என் முறை வரும்போது நான் கோல்ஃப் மட்டைகளைப் பற்றிச் சொல்வேன். உடனே எல்லோரும் என் காதுக் கருவியைப் பார்ப்பார்கள், நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று. இல்லை. கோல்ஃப் மட்டைதான். யுத்தத்துக்கு முந்திய ஒரு கோடையில், சிம்மக்கல்லில் இருந்த எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் எங்கள் குடும்பம் கோல்ஃப் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டது என்பதே கொஞ்சம் அதிகம்.

அப்பாவுக்குத் தெற்கு மாசி வீதியில் பாத்திரக்கடை. பித்தளை, செம்பு, வெண்கலம். அவருக்கு உலகத்தில் இருந்த சாமான்கள் இரண்டே வகை: தட்டினால் கணீர் என்று சத்தம் வருபவை, வராதவை. சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. காலேஜில் கணக்கு டியூட்டர். நான் ஒரே பிள்ளை, மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அப்பா கடையை ஆண்டார், அம்மா மற்ற எல்லாவற்றையும் ஆண்டாள். அம்மாவுக்கு இருந்த ஒரே குறை நான். குறிப்பாக என் இடது கை.

எனக்கு எல்லாமே அந்தக் கைதான். பல்பம் பிடிக்க, பூப்பறிக்க, பாண்டி ஆடச் சில்லு எறிய, அவசரத்தில் சோறு அள்ள. "பீச்சாங்கையை எடு" என்பது என் பேரைவிட அதிக முறை என் காதில் விழுந்திருக்கும். பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு இன்னொரு வீட்டில் போய்ப் பரிமாற வேண்டும் என்பது அம்மாவின் கவலை. அதனால் சாப்பிடும்போதும் எழுதும்போதும் என் இடது கையை மடக்கிப் பழைய வேட்டித் துணியால் பொட்டலமாகச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவாள். யாராவது கேட்டால் "கையில கட்டி" என்பாள். அந்தத் துணியின் கஞ்சி வாசனை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. அம்மா கொடுமைக்காரி இல்லை. முடிச்சுப் போட்டுவிட்டு அந்தப் பொட்டலத்துக்கு ஒரு முத்தமும் கொடுப்பாள்.

அந்தப் பங்குனியில் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கத் தல்லாகுளத்துக்குப் போனோம். பெண்ணின் அப்பா ரிட்டையரான இன்ஜினியர். கால்வாயும் பாலமும் கட்டியவர். மனைவி இறந்து பல வருஷம் ஆகிவிட்டது, ஒரே மகள். வீட்டுக் கூடத்து மூலையில், குடை வைக்கிற இடத்தில், ஒரு தோல் உறைக்குள்ளிருந்து இரும்புத் தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் முதன்முதலில் கோல்ஃப் மட்டையைப் பார்த்தது அங்கேதான். கிணறு தூர்வாரும் சாமான் என்று நினைத்தேன்.

இன்ஜினியர் மகள் காபித் தட்டோடு வந்தாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து நீட்டினாள். யாருக்கும் அவளாக எடுத்துக் கொடுக்கவில்லை, நாங்களே எடுத்துக்கொண்டோம். அம்மா சொக்கிப்போனாள். சித்தப்பா சொக்கிப்போனதைச் சொல்லவே வேண்டியதில்லை. அவர் டம்ளரை எடுத்தவர் குடிக்க மறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் கேட்டார்: "தம்பி கோல்ஃப் ஆடுவீங்களா?"

"ஆடுவேன் சார்" என்றார் சித்தப்பா, பெண் போன திசையைப் பார்த்துக்கொண்டே.

அப்பாவுக்குக் காபி மூக்கில் ஏறியது.

இன்ஜினியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சபாஷ்! இந்த ஊர்ல பேச்சுத்துணைக்கு ஆள் கெடைக்கும், ஆட்டத்துணைக்கு ஆளே இல்ல தம்பி. சித்திரை பொறந்து முத ஞாயித்துக்கிழமை வாங்க, ஒரு ஆட்டம் போடுவோம். உங்க மட்டையை நீங்களே கொண்டாந்துருங்க. என் மட்டையை நான் யாருக்கும் குடுக்கறதில்ல. பேச்சை அன்னிக்கே முடிச்சுக்குவோம். ஜாதகம் சொல்லாததையெல்லாம் அந்தப் பொட்டல் சொல்லிரும்."

ஜட்கா வண்டியில் திரும்பினோம். ஆற்றுப்பாலம் வந்த பிறகு அப்பா வாயைத் திறந்தார்.

"ஏண்டா, கோல்ஃப்புன்னா என்னடா?"

"மட்டையால பந்தை அடிச்சுக் குழியில தள்றதுண்ணே. வெள்ளைக்காரங்க ஆடுவாங்க."

"நீ ஆடியிருக்கியா?"

"இல்லண்ணே."

"பின்ன என்ன எழவுக்குடா ஆடுவேன்னு சொன்ன?"

சித்தப்பா ஆற்றைப் பார்த்தார். அம்மாதான் சொன்னாள்: "அவரை ஏன் கேக்குறீங்க? அவரு அங்க இருந்தாத்தான? அந்தப் புள்ளை ரெண்டு கையாலயும் தட்டைப் பிடிச்சு எம்புட்டு மரியாதையாக் குடுத்துச்சு பாத்தீகளா? இந்தக் காலத்துல யாரு அப்படிக் குடுக்குறா?"

"மதினி, கட்டுனா அந்தப் பொண்ணைத்தான் கட்டுவேன். இல்லைன்னா என்னை விட்டுருங்க" என்றார் சித்தப்பா. டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து வந்த வரன்களை எல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்த மனிதர் அவர். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெருமூச்சு விட்டார். கிட்டிப்புள் ஆடுகிறவனுக்கு இது என்ன பிரமாதம் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

மட்டை வாங்க வேண்டுமே, எங்கே போவது? ஊருக்குத் திரும்பிப்போன ஒரு மில் துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்திருப்பதாகக் கடைத்தெருவில் சொன்னார்கள். அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் போனோம். அம்மா வரவில்லை. "எத்தனை வாங்குனாலும் ஒத்தப்படையா வாங்குங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

ஏலக் கொட்டகையில் ஒரு குளியல் தொட்டி, கண் இல்லாத பாடம் செய்த மான் தலை, அலமாரி நிறையத் தொப்பிகள். நடுவே ஒரு தோல் பை, அதில் மட்டைகள். ஏலக்காரர் அவற்றை ஒவ்வொன்றாக உருவிப் பேர் சொன்னார். பிராஸி, மாஷி, நிப்லிக். "எல்லாம் துரை வீட்டுப் பிள்ளைங்க பேரு மாதிரில்ல இருக்கு" என்றார் அப்பா.

அப்பா மட்டை தேர்ந்தெடுத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொன்றையும் தூக்கிக் காதோரம் வைத்து, மடக்கிய விரலால் தலையில் தட்டினார். கணீரென்றதை வலப்பக்கமும், சொத்தென்றதை இடப்பக்கமும் வைத்தார். மரத்தலை வைத்தவை எல்லாம் இடப்பக்கம் போயின. "கரையான் அரிச்சிரும்" என்றார். நீண்ட தூரம் அடிப்பதற்கு மரத்தலைதான் வேண்டும் என்று ஏலக்காரர் பரிதாபமாகச் சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. இரும்பில் கனமானவற்றையே பொறுக்கினார், கனம் இருந்தால்தானே காசுக்கு மதிப்பு. ஒரு மட்டைக்குப் பித்தளைத் தலை இருந்தது. அதைக் கண்டதும் அவர் முகத்தில் சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம். கணக்குப் பார்த்தால் இரட்டைப்படை. ஒன்றைத் திருப்பி வைத்தார்.

தோல் பையை வாங்கலாமா என்று சித்தப்பா கேட்டார். பூசணம் பிடித்து, ஈர நாய் வாசனை அடித்தது. அதோடு வீட்டுக்குப் போனால் அம்மா மட்டையையும் சேர்த்துத் தெருவில் எறிவாள். அதனால் மட்டைகளை மட்டும் விறகுக்கட்டு மாதிரி கயிற்றால் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தோம். பந்துகள் ஒரு புகையிலை டப்பாவில் இருந்தன. அதை நான் சுமந்தேன்.

பைக்கு அம்மா ஒரு வழி செய்தாள். கிழிந்த ஜமக்காளத்தைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து, சிவப்பும் நீலமும் கோடு போட்ட நீளமான பை ஒன்று தைத்து வாங்கினாள். அடியில் கனம் தாங்க அப்பா கடையிலிருந்து ஒரு பித்தளைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். சித்தப்பா அதை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றபோது, நாடகத்தில் அம்பறாத்தூணியோடு வரும் ராமர் வேஷக்காரர் மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது. நடந்தால் கோவில் மணி மாதிரி சத்தம் வந்தது. பை வாங்கப்போகிற புதியவர்களுக்கு நான் சொல்வேன்: அடியில் பித்தளைக் கிண்ணம் வைக்காதீர்கள்.

இனி பயிற்சி. காலேஜ் நூலகத்திலிருந்து சித்தப்பா ஒரு இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்தார். ஆட்டம் கற்றுக்கொள்வது எப்படி என்று. நல்ல புத்தகம். படம் இருந்த பக்கங்களை மட்டும் யாரோ புண்ணியவான் கிழித்துக்கொண்டு போயிருந்தான். எழுத்து மட்டும் மிச்சம். சித்தப்பா வாசித்து மொழிபெயர்ப்பார், அப்பா அதற்குச் சாமான் தயாரிப்பார்.

"தலை அசையக் கூடாதுன்னு போட்டிருக்குண்ணே."

அப்பா ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு சித்தப்பாவின் தலையில் வைத்தார். கரகம் ஆடுகிறவன் தலை அசைகிறதா என்று கேட்டார். முதல் நாள் சித்தப்பா நனைந்தார். இரண்டாம் நாளும் நனைந்தார். பிறகு வெயில் ஏற ஏற அவருக்கே அது பிடித்துப்போய்விட்டது. பந்து பறந்துபோகாமல் இருக்கக் கொடியில் ஒரு கோரைப்பாயைத் தொங்கவிட்டோம். பந்தை நிலத்திலிருந்து சற்று உயரமாக வைக்க வேண்டும், ஈரமணலைக் குவித்து அதன்மேல் வைக்கலாம் என்று புத்தகம் சொன்னது. அது என் வேலை. மஞ்சள் பிள்ளையார் பிடிப்பது போல மூன்று விரலால் மணலைப் பிடித்து, உச்சியில் லேசாகக் குழித்து, பந்தை உட்காரவைப்பேன். நல்ல பந்து தீர்ந்துபோகக் கூடாது என்று பாதி நாள் எலுமிச்சங்காய்தான். ஊறுகாய்க்கு வைத்திருந்தது எல்லாம் கொல்லையில் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்து அம்மா போட்ட சத்தம் யானைக்கல் வரை கேட்டிருக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மட்டையின் இரும்புத் தலைக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் வழவழப்பாக, வரிவரியாகக் கோடு போட்டிருக்கும். மறுபக்கம் செய்தவன் பேரும் ஒரு முத்திரையும் வெட்டியிருக்கும். எந்தப் பக்கத்தால் பந்தை அடிப்பது?

"இதுல என்னடா சந்தேகம்?" என்றார் அப்பா. "பேர் வெட்டிய பக்கம்தான் முகம். ஒரு குடத்தை வித்தா பேரை எங்க வெட்டுவோம்? அடியிலயா வெட்டுவோம்? எல்லாரும் பாக்குற பக்கந்தான? கோடு போட்டது பின்பக்கம். வச்சா வழுக்கக் கூடாதுன்னு கொத்திவிட்டிருக்கான்."

அவருடையது தலைமுறை தலைமுறையாகப் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுத்த குடும்பம். யார் எதிர்த்துப் பேசுவது? சித்தப்பா வலது கைக்காரர் நிற்கிற மாதிரி நின்று, மட்டையைப் பந்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பேர் வெட்டிய பக்கம் சரியாகப் பந்தைப் பார்த்தது. அதோடு எல்லோர் சந்தேகமும் தீர்ந்தது. அவர் ஓங்கி அடித்தார். பந்து பக்கவாட்டில் உருண்டு துவைக்கிற கல்லில் மோதியது. மறுபடி அடித்தார். கோழி கத்தியது. சித்திரை நெருங்க நெருங்க அவர் மெலிந்துகொண்டே வந்தார். பாயில் பட்ட அடிகள் குறைவு, கொல்லைச் சுவரில் பட்டவை அதிகம். எலுமிச்சங்காய்களில் மட்டும் செய்தவன் பேரின் முதல் எழுத்து அழகாகப் பதிந்திருந்தது.

"மதினி, பேசாம ஜுரம்னு சொல்லிரலாமா?" என்று ஒரு நாள் கேட்டார். அவர் குரல் கம்மியிருந்தது. நான் சித்தப்பாவை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் மத்தியானம். அப்பா கடையில், சித்தப்பா காலேஜில். அம்மா அடுப்படியில் வடகம் கிண்டிக்கொண்டிருந்தாள். கொல்லையில் நானும் மட்டைகளும் மட்டும். மணலைப் பிடித்தேன், பந்தை வைத்தேன். இருப்பதில் குட்டையான மட்டையை எடுத்தேன். என் கைகள் தாமாகவே போய்ப் பிடித்துக்கொண்டன, எனக்கு வசதியான மாதிரி, இடக்கைப் பழக்கத்தில். கோடு போட்ட பக்கம் பந்தைப் பார்த்தது. தப்பான பக்கமாயிற்றே என்று நினைத்துக்கொண்டேதான் அடித்தேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? அப்பா தட்டித் தட்டித் தேடிய சத்தம் அது. கையில் அதிர்வே இல்லை. பந்து பாயின் மேலே ஏறி, கொய்யாமரத்தைத் தாண்டி, சுவரைத் தாண்டிப் போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தொம் என்று தண்ணீர்ச் சத்தமும், ஒரு எருமையின் அலறலும் கேட்டன.

திரும்பினால், கரண்டியோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். முழுக்கப் பார்த்திருந்தாள். நான் அம்மா முகத்தில் ஆச்சரியத்தைத் தேடினேன். அவள் பார்த்ததோ என் கைகளை.

"மட்டையிலயும் பீச்சாங்கையா?" என்றாள். அன்றிலிருந்து பொட்டலம் நாள் முழுவதும்.

பக்கத்து வீட்டுப் பால்கார அக்கா பந்தோடு வந்தாள். "இந்தா, உங்க வீட்டு வெள்ளை உருண்டை என் தொட்டியில கெடந்துச்சு. எருமை மிரண்டுபோயி இன்னும் மடியக் குடுக்க மாட்டேங்குது."

"காக்கா முட்டைன்னு நெனச்சுத் தூக்கிட்டு வந்து போட்டிருக்கும்" என்றாள் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

சாயந்தரம் நான் சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் அடிச்சேன் சித்தப்பா, கோடு போட்ட பக்கத்தால. எருமைத் தொட்டி வரைக்கும் போச்சு." அப்பா சிரித்து என் கன்னத்தைக் கிள்ளினார். "முதுகால அடிச்சா எப்படிம்மா போகும்?" என்றார். "வெயில்ல கெடந்து கனாக் கண்டிருக்கா" என்றாள் அம்மா. கதை அதோடு முடிந்தது.

சித்திரை ஞாயிறு வந்தது. அம்மா விடியற்காலையிலேயே மட்டைகளைக் கழுவி, ஒவ்வொன்றின் முகத்திலும் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு இட்டாள். பேர் வெட்டிய பக்கத்தில்தான். நான்கு பேரும் பையும் ஜட்காவில் ஏறினோம். வழியெல்லாம் கிண்ணம் மணியடித்தது.

தல்லாகுளத்துக்கு வடக்கே அப்போது வெறும் பொட்டல். தூரத்தில் யானைமலை. ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. புல் என்று ஒன்றும் இல்லை. குழி இருக்கிற இடத்தில் மட்டும் மண்ணைச் சமமாக்கி எண்ணெய் தெளித்திருந்தார்கள். குழியில் ஒரு தகர டப்பா. இன்ஜினியர் அரைக்கால் சட்டையில் காத்திருந்தார். பக்கத்தில் பச்சைச் சேலையில் மகள். எப்போதும் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூட வருவாளாம்.

நான் வலது கையால் மணலைப் பிடித்தேன், இடது கை பொட்டலத்துக்குள் இருந்தது. மணல் கோணலாக வந்தது. சித்தப்பா நின்றார். தலையில் இல்லாத சொம்பு இருப்பதாக நினைத்துக்கொண்டார் போல, கழுத்து விறைத்திருந்தது. அடித்தார். பந்து இன்ஜினியரின் காலுக்கு நடுவே ஓடி ஆட்டுக் கூட்டத்தைக் கலைத்தது.

இன்ஜினியர் வந்து மட்டையை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, மட்டைக்குப் பொட்டு?"

"முகத்துலதான் சார் வச்சிருக்கோம்" என்றார் அப்பா பெருமையாக.

"இது முகமில்லய்யா, முதுகு! கோடு போட்டதுதான் முகம்." அவர் இன்னொன்றை உருவினார், இன்னொன்று, இன்னொன்று. எல்லாவற்றிலும் பொட்டு முதுகில். "இது பீச்சாங்கைக்காரனுக்குன்னு செஞ்ச மட்டை. மொத்தமும்!"

சித்தப்பாவின் பொய் அங்கே உடைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனதையும் பார்த்தேன். ஆனால் என் நெஞ்சுக்குள் மட்டும் ஒரே துள்ளல். பீச்சாங்கைக்கு என்றே செய்திருக்கிறான்! எங்கேயோ ஒரு ஊரில் ஒரு கொல்லன் என்னைப் போன்ற கையை நினைத்துக்கொண்டு, அதைத் திட்டாமல், இரும்பை அடித்திருக்கிறான். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

இன்ஜினியர் மட்டையைப் பைக்குள் போட்டார். கிண்ணம் ஒலித்தது. "ஒரு நாள் ஆடுனவனுக்கே இது தெரிஞ்சிருக்கும் தம்பி. நீங்க ஆடுனதே இல்ல. இல்லையா?"

"இல்ல சார்" என்றார் சித்தப்பா. "நீங்க கேக்கும்போது எனக்கு ஒண்ணும் ஓடல. உங்க மகளைப் பிடிச்சிருந்துச்சு. எதைக் கேட்டிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்."

"ஆட்டம் தெரியாதவன் மாப்ளயா வரலாம். பொய் சொல்றவன் வரக்கூடாது. கெளம்புங்க."

சித்தப்பா குனிந்து பையை எடுத்தார்.

"அப்பா, கொஞ்சம் இருங்க" என்றாள் இன்ஜினியர் மகள். அதுவரை அவள் குரலையே நாங்கள் கேட்டதில்லை. "அவுக மட்டும்தான் பொய் சொன்னாகளா? நாமளும்தானப்பா சொன்னோம்."

அவள் சித்தப்பாவின் பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடப்பழக்கத்தில் நின்று, அடித்தாள். அதே சத்தம். பந்து உயர்ந்து, யானைமலையின் முதுகுக்கு நேராகப் போய், சின்னப் புள்ளியாகிக் கீழே இறங்கியது. அப்பா வாய் திறந்தபடி நின்றார். "கணீர்னுல்ல இருக்கு" என்றார் மெதுவாக.

அவள் நேராக என் அம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் ரெண்டு கையாலயும் தட்டைப் பிடிச்சது மரியாதைக்கு இல்ல. ஒத்தக் கையால எடுத்துக் குடுத்தா எனக்குப் பீச்சாங்கைதான் முன்னால வரும். இதுக்கு முந்தி வந்தவுக அதைப் பாத்துட்டுக் காபியத் தொடாமப் போயிட்டாக. அதான் அப்பா இப்படிப் பிடிக்கச் சொல்லிக் குடுத்தாரு. அப்பா மட்டையைத் திருப்பிப் பிடிச்சு முதுகால அடிச்சே பழகுனவ நான். இப்பதான் முத தடவையா முகத்தால அடிச்சேன்."

இன்ஜினியர் யானைமலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய காது சிவந்திருந்தது. கோபம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். வீட்டுக்கு வருகிற மருமகளைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவள் அவள்தான். சித்தப்பாவின் கண்ணில் இருந்த கெஞ்சலை நான் மறக்க மாட்டேன். அம்மா அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கலைந்த ஆடுகள்கூடத் திரும்பி வந்துவிட்டன.

அப்போது அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "பாப்பாவுக்குக் கையில என்ன?" என்றாள்.

அம்மா வாயைத் திறந்தாள். கட்டி என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என்னைக் கிட்ட இழுத்தாள். முடிச்சு இறுகிப்போய் விரலுக்கு வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். "இவளும் உன்னைய மாதிரித்தான்."

அவ்வளவுதான் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றியதெல்லாம் பிறகு நடந்தது, ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கில் அதுதான். இன்ஜினியர் பையின் மேலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முதுகுக்குப் பொட்டு வைத்ததை நினைத்து நினைத்துச் சிரித்தார். சித்தி (இனி அப்படியே சொல்கிறேன்) குட்டை மட்டையை என்னிடம் நீட்டினாள். நானும் எல்லோர் முன்னாலும் ஓங்கி ஒரு அடி அடித்தேன். நாள் கணக்கில் கட்டிக் கிடந்த கை, மரத்துப்போயிருந்தது. மணல் பறந்தது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. "எருமைத் தொட்டி வரைக்கும் போச்சுன்னியேம்மா" என்று அப்பா கேட்டார். அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அது காக்கா" என்றாள்.

ஆவணியில் கல்யாணம். சித்தி வந்த பிறகு அம்மா ஒரு சட்டம் போட்டாள்: சாப்பாடும் பரிமாறுவதும் சோத்தாங்கை, மற்றது அவரவர் இஷ்டம். நாங்கள் இருவரும் அதற்குள் ராஜ்ஜியம் நடத்தினோம். ஒரே பக்கமிருந்து மாவாட்டினோம், ஒரே பக்கமிருந்து கோலம் போட்டோம். சித்தப்பா கடைசிவரை கோல்ஃப் கற்றுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனாரும் மகளும் ஆடுவார்கள், அவர் ஜமக்காளப் பையைச் சுமந்துகொண்டு மணியடித்தபடி பின்னால் போவார். அவரைப் போலச் சந்தோஷமான மாப்பிள்ளையை நான் கண்டதில்லை.

அந்தப் பொட்டலில் பிறகு வீடுகள் வந்துவிட்டன. மட்டைகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்று முருங்கைக்காய் பறிக்க, ஒன்று வெந்நீர் அடுப்பு கிளற. நிப்லிக்கை யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை, எதற்கு வாங்கினார்களோ. பித்தளை மட்டையை மட்டும் அப்பா யாரையும் தொடவிடவில்லை. சித்தியின் பேரை வெட்டி அவளுக்கே கொடுத்தார். வெட்டுவதற்கு முன்னால் உளியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, இதுல எந்தப் பக்கம் முகம்?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் வெட்டினார்.

அம்மா நீண்ட நாள் இருந்தாள். கடைசி வருஷங்களில் அவளுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. நான் ஊட்டினால் பிடிக்காது, தானே சாப்பிட வேண்டும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ரசஞ்சாதத்தை அள்ளுவாள். பாதி வழியிலேயே விரல் விரிந்து கொட்டிவிடும். மறுபடி அள்ளுவாள். ஒரு நாள் அள்ளுவதை நிறுத்திவிட்டு, அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, ஒரு வாய்ச் சோத்த அள்ளவே இந்தப் பாடு படுத்துதே இந்தக் கை. இதை வச்சுக்கிட்டு எப்படிடி அம்புட்டுத் தூரம் அடிச்ச, அந்த எருமைத் தொட்டி வரைக்கும்?"

அவள் கையைத் துடைத்துவிட்டேன்.

"நான் எங்கம்மா அடிச்சேன்?" என்றேன். "அது காக்கால்ல தூக்கிட்டுப் போச்சு."

அம்மா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையைத் தட்டி, தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை இடது கையால்தான் வாங்கிக்கொண்டாள்.